கண் துஞ்சாமையின் எல்லை

உண்ணாமையும் உறங்காமையும் நம் முன்னோர் போற்றிய இரு பெரும் நோன்புகளாம். மகா சிவராத்திரியன்று இவ்விரண்டும் ஒருங்கே அமைகின்றன. நான்கு யாமப் பூசையும் கண்டு, விடியுமளவும் விழித்திருந்து, காலையில் நீராடிப் பாரணை செய்யும் வழக்கத்தை நம்மில் அறியாதார் இலர். இதிகாசங்களிலும் உறக்கத்தை வென்றோர்க்குத் தனிப் பெருமையுண்டு. அருச்சுனனுக்குக் குடாகேசன் என்றொரு பெயர் வழங்கும். உறக்கத்தை வென்றவன் என்பது அதன் பொருள். இலக்குவன் வனவாச காலம் முழுவதும் கண் துயிலாது தமையனைக் காத்தான் என்பது மரபு. அவனுக்கு நேர்மாறாக, உறக்கமே ஓர் உருக்கொண்டு வந்தாற் போன்ற கும்பகருணனோ நமது இலங்கையில் வாழ்ந்தவன் எனப்படுகின்றான்!

எடுத்த கருமத்திலே கண்ணாயினார் பசியையும் உறக்கத்தையும் பொருட்படுத்தார் என்ற கருத்தைக் குமரகுருபர சுவாமிகள் நீதிநெறி விளக்கத்தில் அமைத்துள்ளார். பரீட்சை நெருங்குங் காலத்து இச்செய்யுளைப் பெற்றோரும் ஆசிரியரும் மாணாக்கர்க்கு எடுத்தோதுதல் நம்மிடையே பெருவழக்கு. மாணாக்கரும் அதனை எழுத்துக்கு எழுத்து மேற்கொண்டு, கோப்பியைக் குடித்தும், முகத்திலே தண்ணீரை அடித்தும், இரவைப் பகலாக்கிப் படிக்கின்றனர். அங்ஙனம் படிப்பவன் தான் ஏதோ ஈட்டிவிட்டதாகவே எண்ணுகின்றான். அவ்வெண்ணம் மெய்தானா? ஒருவன் உறங்காமல் எத்துணைக் காலம் இருத்தல் கூடும்? இருந்தால் அவனுக்கு நேர்வது யாது? இவற்றுக்கு விஞ்ஞானம் தரும் விடையைச் சிறிது ஆராய்வோம்.

முதல் ஆராய்ச்சிகள்

உண்ணாமை, உறங்காமை என்னும் இரண்டனுள் எது கொடியது என்பதை அளந்தறிய முற்பட்டவர் உருசிய நாட்டு மருத்துவ அறிஞராகிய மரியா மனசேயினா என்னும் அம்மையார். 1894 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட முடிவு கேட்போரைத் திடுக்கிடச் செய்வது. இருபது நாட்களுக்கு மேல் உணவின்றிக் கிடந்த நாய்க்குட்டிகளையும் மீண்டும் ஊட்டிப் பிழைப்பிக்க முடிந்தது. ஆனால் உறங்கவிடாது வைக்கப்பட்ட குட்டிகளோ நான்கைந்து நாட்களுள் மாண்டுபோயின.

இரண்டாண்டுகள் கழித்து, ஐக்கிய அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பற்றிக், கில்பேட் என்னும் இருவர் மனிதரை வைத்து இதனை ஆராய்ந்தனர். நல்ல உடல்நலம் வாய்ந்த மூவர் தொடர்ந்து 90 மணித்தியாலம் விழித்திருந்தனர். அவருள் ஒருவருக்கு, நிலத்தின் மீது எண்ணெய்ப் பசை போன்ற ஒரு படலம் பரந்து அதிலே நுண்டுகள்கள் விரைந்து அசைவது போலத் தோன்றிற்று. உண்மையில் நிலம் வெறுமையாகவே இருந்தது. கண் திறந்திருக்கும்போதே கனவு உள்ளே புகுந்தது என்று நாம் இதனைக் கூறலாம். மூவரும் ஒரு முறை நன்றாக உறங்கியெழுந்ததும் பழைய நிலையை எய்தினர்.

1959 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்தில் பீற்றர் ரிப் என்னும் வானொலி அறிவிப்பாளர், ஓர் அறநிதிக்குப் பொருள் திரட்டும் நோக்கத்தோடு, ரைம்ஸ் சதுக்கத்திலே பலரும் காணும்படி 201 மணித்தியாலம் விழித்திருந்தார். இறுதி நாட்களில் ஊக்க மருந்துகளின் துணையும் அவருக்கு வேண்டியதாயிற்று. இல்லாதனவெல்லாம் அவர் கண்ணுக்கு உள்ளனவாய்த் தோன்றின. தம்மைப் பரிசோதிக்க வந்த வைத்தியரைத் தம்மை அடக்கஞ் செய்ய வந்தவர் என்றெண்ணி அவர் அஞ்சியோடினார் என்பர்.

ஒரு மாணவனின் பதினொரு நாட்கள்

இத்தகைய நிகழ்ச்சிகளுள் மிகுந்த கவனத்தோடு குறித்துவைக்கப்பட்டது, ஆய்வறிஞர் எவராலும் தொடங்கப்பட்டதன்று. பதினேழு வயதுப் பள்ளி மாணவன் ஒருவனால் தொடங்கப்பட்டது. ஆதலின் கல்லூரி மலரொன்றிலே அதனை விரித்துரைத்தல் பொருந்தும்.

கலிபோணியா மாநிலத்துச் சான் டியேகோ நகரில் றான்டி காட்னர் என்னும் மாணவனும் அவன் தோழனாகிய புறூஸ் மக்கலிஸ்ரரும் விஞ்ஞானக் கண்காட்சி ஒன்றுக்கு ஏதேனும் புதுமை செய்ய விழைந்தனர். அக்காலத்து விழிப்புச் சாதனை 260 மணித்தியாலம். அதனை விஞ்சுவது என்று முடிவு செய்தனர். யார் விழித்திருப்பது என்பதை நாணயத்தைச் சுண்டித் தீர்மானித்தனர். அது காட்னருக்கு வாய்த்தது. 1963 ஆம் ஆண்டு டிசெம்பர் 28 ஆந் தேதி காலையில் எழுந்தவன் 1964 ஆம் ஆண்டு சனவரி 8 ஆந் தேதிவரை உறங்கவில்லை. மொத்தம் 264 மணித்தியாலத்துக்குச் சற்று மேல். அதாவது பதினொரு நாட்கள்.

அவனைக் கண்காணிக்கும் பொறுப்பு மக்கலிஸ்ரருடையது. கண்காணிப்பவனும் உடன் விழித்திருக்க வேண்டியதாயிற்றல்லவா? சில இரவுகளுக்குள் அவன் தன் குறிப்புகளைத் தாளில் எழுதாது சுவரிலே எழுதிக்கொண்டிருப்பதைத் தானே கண்டான். உடனே மூன்றாவது தோழன் ஒருவனைத் துணைக்கழைத்தனர். பள்ளிப் பிள்ளைகளின் ஆராய்ச்சியிலே தற்செயலாகக் கிடைத்த இச்சிறு செய்தியைப் பெரும் பாடமாகவே நாம் கருதுகின்றோம். காவலனுடைய அறிவும் காக்கப்படுபவனுடைய அறிவோடு ஒக்க மங்கிற்று.

செய்தித்தாள் வாயிலாக இதனை அறிந்த வில்லியம் டிமென்ற் என்னும் ஸ்ரான்போட் பல்கலைக்கழக உறக்க ஆராய்ச்சியாளர் சான் டியேகோவுக்கு விரைந்தார். அமெரிக்கக் கடற்படையின் வைத்தியராகிய ஜோன் றொஸ் என்பாரும் காட்னரின் உடல் உள நிலைகளை நாள்தோறும் குறித்துவந்தார். இரண்டாம் நாளிலே கண்களை ஒரு பொருளின் மீது நிலைநிறுத்துதல் அரிதாயிற்று. மூன்றாம் நாளிலே எரிச்சலும் மனச்சோர்வும் தோன்றின. நான்காம் நாளிலே வீதிப் பலகையொன்று மனிதனாகத் தோன்றிற்று. தான் புகழ்பெற்ற காற்பந்து வீரனொருவன் என்ற மயக்கமும் அவனுக்கு உண்டாயிற்று. நாட்கள் செல்லச்செல்லப் பேச்சுக் குழறிற்று; நினைவு தளர்ந்தது; முகம் உணர்ச்சியற்றதாயிற்று.

பதினோராம் நாளில் நிகழ்ந்த ஒரு பரிசோதனை சிந்திக்கற்பாலது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டு வரும்படி அவனைக் கேட்டனர். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு என்று தொடங்கியவன் அறுபத்தைந்தில் நின்றுவிட்டான். ஏன் நிறுத்தினாய் என்று வினவியபோது, தான் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதே தனக்கு மறந்துவிட்டது என்றான். கழித்தல் தெரியாமற் போகவில்லை. கழிக்கின்றோம் என்ற நினைவே நழுவிப்போயிற்று.

ஆயினும் அதே காலத்தில், விளையாட்டு நிலையத்தில் ஆடிய பொறியாட்டத்திலே அவன் டிமென்றைத் தோற்கடித்தான். முடிவிலே செய்தியாளர் கூட்டத்திலும் தடுமாற்றமின்றிப் பேசினான். புறத்தே காண்போர்க்கு அவன் நலமாயிருப்பதாகவே தோன்றிற்று. ஓடியாடுகின்ற ஒருவனைக் கண்டு அவன் அறிவும் முழு விழிப்போடிருக்கின்றதென முடிவு செய்தல் எத்துணைப் பிழை என்பது இதனால் விளங்கும்.

பின்னர் அவன் கடற்படை வைத்தியசாலையிலே பதினான்கு மணித்தியாலத்துக்கு மேல் உறங்கி, தெளிந்த அறிவோடு எழுந்தான். இழந்த உறக்கம் முழுவதையும் உடல் மணிக்கு மணி திருப்பிக் கேட்கவில்லை. மூளைக்கு இன்றியமையாத உறக்க வகைகளையே முந்துறப் பெற்றுக்கொண்டது. உடனடித் தீங்கு எதுவும் காணப்படவில்லை. எனினும் அறுபது வயதளவில் அவர் கடுமையான உறக்கமின்மையால் நெடுங்காலம் வருந்தினார். இளமையிலே செய்ததன் பலனோ இது என்று தாமே ஐயுற்றார். அவ்விரண்டுக்கும் தொடர்புண்டென்பது நிறுவப்படவில்லை.

1986 ஆம் ஆண்டில் றொபேட் மக்டொனல்ட் என்பவர் 453 மணி 40 நிமிடம் விழித்திருந்ததாகக் கின்னஸ் நூலிலே பதிவாயிற்று. ஆனால் இத்தகைய முயற்சியின் அபாயத்தை உணர்ந்து, கின்னஸ் நிறுவனத்தார் 1997 முதல் இச்சாதனையைக் கணிப்பதையே கைவிட்டனர். அவர்கள் அஞ்சியது வீணன்று. சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் அலன் றெக்ற்ஷாபன் என்பாரும் அவர் குழுவினரும் 1980 களில் எலிகளை வைத்து நடத்திய ஆராய்ச்சியில், உறக்கம் முற்றாக மறுக்கப்பட்ட எலிகள் முன்னையினும் மிகுதியாகத் தின்றும் மெலிந்தன. ஏறத்தாழ இரண்டு மூன்று வாரங்களில் சாவின் விளிம்பை அடைந்தன.

உறக்கம் வருமாறு

உறக்கம் எங்ஙனம் வருகின்றது என்பதை அறிந்தாலன்றி விழிப்பின் மயக்கங்களை விளங்கிக்கொள்ளல் இயலாது. சுவிற்சர்லாந்து அறிஞர் அலெக்சாண்டர் போர்பெலி 1982 இல் எடுத்துரைத்தபடி, இரண்டு விசைகள் சேர்ந்து நம்மை உறங்கவும் விழிக்கவும் செய்கின்றன.

முதலாவது உறக்கச் சுமை. மூளை தொழிற்படுந்தோறும் அடினோசின் என்னும் பொருள் அதிலே சேர்ந்துகொண்டு வருகின்றது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் சுமை ஏறும், உறங்கும்போது இறங்கும். இரண்டாவது உள்ளே இயங்கும் கடிகாரம். இரு கண்ணரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலேயுள்ள நரம்புக் கலக் கூட்டம் ஒன்று, ஏறக்குறைய இருபத்து நான்கு மணித்தியாலச் சுற்றிலே உடலை நடத்துகின்றது. உறக்கச் சுமை எவ்வாறிருப்பினும் இது பகலில் விழிப்பைத் தூண்டும். பின்னிரவிலே தூண்டுதலைத் தளர்த்தும்.

இரவு முழுவதும் விழித்திருந்தோர் ஓர் அனுபவத்தை அறிவர். மூன்று நான்கு மணியளவில் தாங்கொணா உறக்கம் வருத்தும். அதனைக் கடந்து பொழுது புலர்ந்ததும், உறக்கம் எங்கோ போய்விட்டது போன்ற ஒரு தெளிவு பிறக்கும். "இனி உறக்கம் எதற்கு?" என்று கூடத் தோன்றும். அது கடிகாரம் காட்டும் பொய்த் தெளிவு. காலை வந்தமையால் அது விழிப்பைத் தூண்டுகின்றதேயொழிய, ஏறிய சுமையில் ஒரு சிறிதும் குறைந்திலது.

கோப்பியும் தேநீரும் செய்வது இதை ஒத்ததே. அவற்றிலுள்ள கபேன் என்னும் பொருள் அடினோசின் சென்று பொருந்தவேண்டிய இடங்களைத் தான் அடைத்துக்கொள்கின்றது. அடினோசின் அழிவதில்லை, அதன் செய்திதான் மூளைக்கு எட்டுவதில்லை. கடன் கொடுத்தவன் கதவைத் தட்டும்போது காதிலே பஞ்சை அடைத்துக்கொள்வதை இதற்கு ஒப்பிடலாம். தட்டும் ஓசை கேளாது, கடன் தீராது, வட்டியும் நிற்காது.

குறையை அறியும் அறிவே குறைதல்

இனி நமது கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவோம். உறக்கமின்மை நினைவையும் கவனத்தையும் கெடுக்கின்றது என்பது எவரும் அறிந்ததே. ஆனால் அவற்றோடு, அவை கெட்டுவிட்டன என்று உணரும் ஆற்றலையும் அது கெடுத்துவிடுகின்றது. அதன் பெருந்தீங்கு இங்கேதான் உள்ளது.

2003 இல் ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆராய்ச்சி இதனைத் தெளிவாக்கிற்று. நல்ல உடல்நலமுள்ளோரைப் பகுத்து, பதினான்கு நாட்களுக்கு நாளொன்றுக்குச் சிலரை எட்டு மணித்தியாலமும், சிலரை ஆறு மணித்தியாலமும், சிலரை நான்கு மணித்தியாலமும் உறங்கவிட்டனர். ஆறு மணியும் அதற்குக் குறைவாகவும் உறங்கியோரின் கவனமும் நினைவும் நாளுக்கு நாள் தாழ்ந்து, முடிவிலே ஓரிரண்டு இரவுகள் முற்றாக உறங்காதவரின் நிலைக்கு இறங்கின. ஆயினும் உங்களுக்கு உறக்கக் களைப்பு எவ்வளவு என்று கேட்டபோது, முதற் சில நாட்களின் பின் அது பெரிதும் கூடவில்லை என்றே அவர்கள் கூறினர். தாம் பழகிவிட்டதாக நினைத்தனர். பழகியது களைப்பு மட்டுமே, அறிவு பழகவில்லை.

1997 இல் அவுஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வு இதனை வேறொரு துலாக்கோலால் அளந்தது. தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் செயற்றிறன், குருதியிலே 0.05 வீதம் மதுசாரம் கலந்தவரின் அளவுக்குத் தாழ்கின்றது. 24 மணித்தியாலம் விழித்திருந்தால் அது ஏறத்தாழ 0.10 வீதத்துக்கு ஒப்பாகின்றது. பல நாடுகளில் இந்நிலையிலே வாகனம் செலுத்துவோர் குற்றவாளியாவர். குடித்தவனையேனும் வாசனை காட்டிக்கொடுக்கும்; உறங்காதவனைக் காட்டிக்கொடுப்பது யாது?

அன்றியும், உறக்கச் சுமை மிகுந்தால் மூளை நம் அனுமதிக்குக் காத்திராது. ஓரிரு கணம் முதற் பல கணங்கள் வரை, நாமறியாமலே அது உறங்கி மீளும். கண்கள் திறந்தபடியே இருக்கவுங் கூடும். 2011 இல் எலிகளை வைத்து நடத்திய ஆராய்ச்சியொன்று, விழித்துத் திரியும் எலியின் மூளையிலும் சிற்சில நரம்புக் கலங்கள் தனித்தனியே ஓய்ந்து உறங்கிவிடுகின்றன என்று காட்டிற்று. வீடு திறந்திருக்க, அறைகள் ஒவ்வொன்றாக விளக்கணைந்து போவது போன்றதே இது. நெடுந்தூர இரவுப் பயணத்தில் வாகனமோட்டும் ஒருவனுக்கு மூன்று கணம் இங்ஙனம் கழியுமாயின், அதற்குள் வண்டி எத்துணைத் தூரம் ஓடிவிடும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1989 மார்ச் 24 ஆந் தேதி நள்ளிரவு கழிந்தபின் அலாஸ்காக் கரையோரத்தில் 'எக்சன் வல்டீஸ்' என்னும் எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதிப் பெருங்கேடு விளைத்தது. அதனை விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையார் கண்ட காரணங்களுள், கப்பலைச் செலுத்தி நின்ற மூன்றாம் அதிகாரியின் களைப்பும் ஒன்று. வைத்தியர், தாதியர், சாரதியர், மீனவர், காவலர் என இரவிலே கடமையாற்றும் பழைய மாணவர் பலருக்கு இது பிறர் கதையன்று.

கற்றலும் துயிலும்

மாணாக்கர்க்கு உரியதொன்றை இறுதியாகக் கூறுவோம். 1924 இல் கோணெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜென்கின்ஸ், டலன்பாக் என்னும் இருவர், மாணவர் இருவரைப் பொருளற்ற அசைகளை மனனஞ் செய்வித்து, சில வேளை உறங்கவிட்டும் சில வேளை விழித்திருக்கவிட்டும், பின்னர் எவ்வளவு நினைவிருக்கின்றது என்று சோதித்தனர். எட்டு மணித்தியாலம் விழித்திருந்தபின் அவற்றுள் மிகச் சிலவே எஞ்சின; அதே நேரம் உறங்கியெழுந்தபின் பாதிக்கு மேல் எஞ்சியிருந்தன. பிற்காலத்து ஆராய்ச்சிகள் இதன் காரணத்தை விளக்கியுள்ளன. பகலிலே கற்றவற்றை மூளை உறக்கத்தில் மீள எடுத்து, ஒழுங்குசெய்து, நிலைபெறச் செய்கின்றது. அன்றியும், ஓரிரவு உறங்காதவன் மறுநாள் புதியனவற்றை உள்ளத்திற் பதித்துக்கொள்ளும் ஆற்றலும் குறைந்தவனாகின்றான் என்பதை 2007 இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. ஆகவே பரீட்சைக்கு முன்னிரவு முழுதும் விழித்துப் படிப்பவன் இரு வகையாலும் இழக்கின்றான்: கற்றதை நிலைநிறுத்தும் காலத்தையும் இழக்கின்றான், வினாத்தாளை வாசித்துச் சிந்திக்கும் தெளிவையும் இழக்கின்றான். அறுபத்தைந்தில் நின்றுவிட்ட மாணவனைப் போல, தெரிந்த கணக்கின் நடுவே நின்று திகைக்க நேரும்.

அங்ஙனமாயின் முன்னோர் கூற்றுப் பொய்யோ எனின், அன்று. வள்ளுவர் கெடுநீரார் காமுறும் கலங்களாகக் காலந் தாழ்த்தல், மறதி, சோம்பல், துயில் என்னும் நான்கையும் ஒருங்கு வைத்தார். சோம்பலோடும் மறதியோடும் கூட்டி எண்ணப்பட்ட துயில் கடமையைத் தட்டிக்கழிக்கும் துயிலே. உழைத்தவன் பெறும் ஓய்வன்று. குமரகுருபரரும் உள்ளத்தின் உறுதியைப் போற்றினாரேயன்றி, பரீட்சைக்கு நேர அட்டவணை வகுத்துத் தந்தாரல்லர். சிவராத்திரி விழிப்போ ஆண்டுக்கு ஓரிரவு. பலர் கூடி, பூசையோடும் பாராயணத்தோடும் கழிப்பது. அவ்விரவில் நம்மைக் கணக்குச் செய்யும்படி யாரும் கேட்பதில்லை, வண்டியோட்டும்படியும் கேட்பதில்லை. அதன் பயன் உள்ளத்தின் ஒடுக்கம். அதனை நாள்தோறும் நடத்தும் பாடமுறையாக்கிக்கொள்வது நோன்பின் பொருளறியாதார் செயல்.

இன்றைய மாணாக்கரின் இரவைக் குறுக்குவன பல. பள்ளிக்குப் பின் தனி வகுப்பு. அதற்குப் பின் வீட்டுப் பாடம். அதற்கும் பின் கையிலே ஒளிவிடும் தொலைபேசி. எஞ்சியிருப்பதை உறக்கத்துக்கு விடுகின்றனர். அடுக்கை மாற்றி வைத்தல் நன்று: உறக்கத்துக்குரிய எட்டு மணித்தியாலத்தை முதலில் ஒதுக்கி, எஞ்சிய காலத்தைப் படிப்புக்கும் பிறவற்றுக்கும் பங்கிடுதல் வேண்டும். பரீட்சைக்குரிய உழைப்பைத் தவணையின் தொடக்கத்திலேயே தொடங்குவோர்க்கு இது அரிதன்று. பிள்ளை நள்ளிரவுக்குப் பின்னும் மேசையில் அமர்ந்திருக்கக் கண்டு மகிழும் பெற்றோரும், அவன் படிக்கின்றானா, திறந்த கண்ணோடு உறங்குகின்றானா என்பதைச் சிறிது சிந்தித்தல் தகும்.

விடுதிச்சாலையில் வாழ்ந்த பழைய மாணவர் பலர் இரவிலே விளக்கணைக்கும் மணியை மறந்திரார். கதை முடியாத வேளையில் அது ஒலிக்கும். போர்வைக்குள் கைவிளக்கு ஏற்றி அதனை ஏய்த்தவரும் உளர். காலையில் ஒலிக்கும் பாடசாலை மணிக்கு அளித்த மதிப்பை நாம் அதற்கு அளித்தோமல்லோம். ஆயின், பகலில் ஆசிரியர் கற்பித்தவற்றை உள்ளத்திலே ஊன்றிவைக்கும் வகுப்பு அந்த மணியோடுதான் தொடங்குகின்றது. அவ்வகுப்புக்குத் தவறாது சமுகமளிக்குமாறு இளையோரைக் கேட்டுக்கொள்கின்றோம்.